கூடு மட்டும் போதுமா?

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அதிகாலை மூன்றரை மணிக்கு எல்லயிலிருந்து வாடகை வான் ஒன்றில் நாம் பதினான்கு பேர் புறப்பட்டோம். கம்பளிச் சட்டையும் தலையில் துண்டுமாக வந்து ஏறியவர்கள் யாவரும் இடம்பெயர்ந்த குடும்பத்தவர்கள். மண்சரிவு அபாயம் என்று அறிவிக்கப்பட்டதால் லயத்தை விட்டு வெளியேறியவர்கள் சிலர். கிணறு வற்றி, சுவர் வெடித்து, மரக்கறித் தோட்டத்தைக் கைவிட்டவர்கள் சிலர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் வீட்டையும் காணியையும் இழந்தவர்கள் இன்னும் சிலர். நாம் போன காரியம் ஒன்றே: திஸ்ஸமஹாராமவின் குளக்கரையில் அமர்ந்து பறவைகளைப் பார்ப்பது.

இதைப் படிக்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிலருக்குக் கோபமும் வரலாம். தலைக்கு மேல் கூரை இல்லாதவர்களைப் பறவை பார்க்க அழைத்துச் செல்வதா? அது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு அல்லவா? இந்தக் கேள்விகளை நாமும் எம்மிடம் கேட்டுக்கொண்டோம். ஆயினும் எமது சிறுவர் குழுவில் உள்ள ஒரு சிறுமி கேட்ட கேள்வியே இப்பயணத்துக்குக் காரணமாயிற்று. எல்ல வீதியில் தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டுச் செல்லும் உல்லாசப் பயணிகளைத் தினமும் பார்க்கிறவள் அவள். "இவ்வளவு தூரம் வந்து அவங்க எதத்தான் பாக்கிறாங்க?" என்று கேட்டாள். எம்மிடம் சரியான பதில் இருக்கவில்லை. போய்ப் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தோம்.

போய்ப் பார்த்ததில் நாம் கற்றுக்கொண்டதை, இடம்பெயர்ந்து வாழும் எம்மவர் எல்லோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர்

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் முதலில் கேட்பது இராவணன் நீர்வீழ்ச்சியின் ஓசை. இருட்டில் அதைக் காண முடியவில்லை. சத்தம் மட்டும் வானுக்குள் வந்தது. அந்த நீர் கிரிந்தி ஓயாவைச் சேர்ந்தது. கொஸ்லாந்தைப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சியாக விழும் பூனாகலை ஓயாவும் கடைசியில் கிரிந்தி ஓயாவையே அடைகிறது. எங்கள் தேயிலை மலைகளின் மழைநீர் இவ்வாறு வெல்லவாய, தணமல்வில, லுணுகம்வெஹர என்று இறங்கி, திஸ்ஸமஹாராமவின் குளங்களையும் வயல்களையும் நிரப்பிவிட்டு, தென்கடலில் கலக்கிறது.

இப்போது அந்த ஆற்றோடு இன்னொரு நீரும் சேர்கிறது. உமா ஓயாவைப் புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கொண்டுவந்து, ரந்தெனியவில் மின்சாரம் எடுத்தபின், கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்கு விடுகிறார்கள். 120 மெகாவாட் மின்சாரம் தரும் அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் அச்சுரங்கம் வெட்டப்பட்ட காலத்தில், 2014 டிசம்பரிலிருந்து, சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் பண்டாரவளை வீதிகளில் மக்கள் பெருமளவில் திரண்டு குரல் எழுப்பியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நாம் அன்று இறங்கிய வீதி வெறும் வீதியல்ல. எம்மை இடம்பெயரச் செய்த நீர் எங்கே போகிறதோ, அங்கேதான் நாமும் போனோம். அந்த நீரின் மறுமுனையில் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்கப் போனோம் என்றும் சொல்லலாம்.

குளக்கரையில் ஒரு காலை

திஸ்ஸ வாவியின் அணைக்கட்டை அடைந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கரையோரத்துப் பெரிய மரங்களில் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக் கூச்சலிட்டன. அனுமதிச் சீட்டு இல்லை, வாயிற்கதவு இல்லை. சைக்கிளில் வயலுக்குப் போகிறவர்கள் எம்மைக் கடந்து போனார்கள். குளிக்க வந்தவர்கள் படியில் சவர்க்காரத்தை வைத்துவிட்டு எம்மை வேடிக்கை பார்த்தார்கள். இரவல் வாங்கிய இரண்டு தொலைநோக்கிகள் பதினான்கு பேரிடமும் கைமாறிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் வர வர நீரின் மேல் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆழமான இடத்தில் கூழைக்கடாக்கள் மிதந்தன. நீர்க்காகங்கள் முங்கி எழுந்து, பட்ட மரக்கிளையில் ஏறிச் சிறகை விரித்து உலர்த்தின. முழங்கால் ஆழத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் வாயைப் பாதி திறந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டே நடந்தன. இன்னும் ஆழம் குறைந்த சேற்றில் நத்தைகுத்தி நாரை நத்தையைத் தேடியது. தாமரை இலைகளின் மேல், இலை அமிழாமல், நீளவால் இலைக்கோழி நடந்தது. அதன் விரல்கள் உடலுக்குப் பொருந்தாத நீளம். பாரம் பரவுவதால்தான் இலை தாங்குகிறது. அந்த இனத்தில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் ஆண்பறவை என்று சொன்னதும் எமது பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆண்களில் ஒருவர் தொலைநோக்கியை அவசரமாக அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

கரையோரப் புல்லில் ஆட்காட்டி கத்தியது. அப்பால் வயலில் உழவு இயந்திரத்தின் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நடந்தன. எம்மோடு வந்த முதியவர் ஒருவர், தமது சிறுவயதில் மாட்டுப் பட்டியைச் சுற்றி நின்ற உண்ணிக்கொக்குகள் இவைதான் என்று அடையாளம் கண்டார். வடக்கே சைபீரியா வரையுள்ள குளிர்நாடுகளிலிருந்து வந்த விருந்தாளிப் பறவைகளும் அந்நேரத்தில் இங்கு இருக்கின்றன. புரட்டாதி, ஐப்பசியில் வந்து, சித்திரைக்கு முன் திரும்பிவிடுகின்றன. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். 1987இல் தொடங்கிய கணக்கெடுப்பு இது. எந்தக் குளத்தில் எந்தப் பறவை எத்தனை என்று எழுதி வைக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், மூன்று பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடம் ஒன்றில் மாதக்கணக்காய்த் தங்கியிருந்தவர், தொலைநோக்கியை இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சாமி, இந்தக் கொக்குக்கெல்லாம் எடம் ஒதுக்கி, வருசா வருசம் எண்ணிப் பாக்கிறாங்க. எங்களுக்குத்தான் இன்னும் எடம் பாக்கிறாங்க. எங்கள ஒருவாட்டிதான் எண்ணுனாங்க."

அதன்பின் வெகுநேரம் எவரும் பேசவில்லை.

கோபம் யார் மீது?

அந்தத் தாயின் வார்த்தையில் உண்மை இருக்கிறது. அதை மழுப்ப நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கோபம் தவறான வாசலில் போய் நின்றுவிடக் கூடாது என்பதே எமது கவலை. "பறவைக்கும் யானைக்கும் இடம் உண்டு, மனிதனுக்கு இல்லை" என்ற பேச்சு முகாம்களில் அடிக்கடி கேட்கிறது. பறவைக்குக் கிடைத்த இடம் எம்மிடமிருந்து பறிக்கப்பட்ட இடமா? சற்று நிதானமாக ஆராய்வோம்.

எமது ஊவா மாகாணத்தின் எல்லையிலுள்ள உடவளவையை எடுத்துக்கொள்வோம். வளவை ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது, காட்டு விலங்குகளின் வாழிடம் நீருக்குள் போயிற்று. இடம்பெயர்ந்த அவ்விலங்குகளுக்கென 1972இல், 30,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அது நல்ல செயலே. இன்றும் அந்த நீர்த்தேக்கத்தில் நிற்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்களும் மீன்பருந்துகளும் அமர்ந்திருக்கின்றன. ஆனால் அதே நிலத்தில் சேனைப் பயிர் செய்து வந்த குடும்பங்கள் பிரகடனத்தின் பின் படிப்படியாக வெளியேற்றப்பட்டன. விலங்கின் இடப்பெயர்வுக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருந்தது. சேனை விவசாயியின் இடப்பெயர்வு அந்தப் பதிலின் விளைவாக வந்தது.

ஊவாவின் கிழக்கே கல்லோயாவிலும் கதை வேறல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடர் சமூகத்தவரின் நிலங்கள் நீரில் மூழ்கின. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954இல் தேசிய பூங்காவாயிற்று. இன்று அங்கே படகில் சென்று பறவைகளையும் நீந்தும் யானைகளையும் பார்க்கலாம். அந்த நீருக்கடியில் இருப்பது யாருடைய ஊர் என்று படகில் போகிறவர்கள் கேட்பது அரிது.

இவ்விரண்டு இடங்களிலும் மனிதரை அப்புறப்படுத்தியது பறவை அல்ல. அணையைக் கட்டியதும், எல்லைக் கோட்டைக் கீறியதும், கீறும்போது அங்கு வாழ்ந்தவரைக் கேளாமல் விட்டதும் மனிதர்களே. பறவையும் இடம்பெயர்ந்தது, விவசாயியும் இடம்பெயர்ந்தான். ஒரே வெள்ளத்தில் தத்தளித்த இருவர் ஒருவரையொருவர் பகைப்பதில் யாருக்கு இலாபம்?

குளத்தை வெட்டியவன் விவசாயி

திஸ்ஸமஹாராமவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் அன்று கண்ட பறவைகள் யாவும் மனிதன் வெட்டிய குளத்தில் வாழ்பவை. திஸ்ஸ வாவி, யோத வாவி, வீரவில, தெபரவாவி, பன்னேகமுவ ஆகிய ஐந்து குளங்களும் கிரிந்தி ஓயாவின் நீரை நெல்லுக்காகத் தேக்கி வைத்தவை. திஸ்ஸ வாவிக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. விவசாயி குளத்தை வெட்டினான், வரம்பைக் கட்டினான், கரையில் நின்ற மருதமரத்தை வெட்டாமல் விட்டான். பறவை தானாக வந்தது. வீரவில - திஸ்ஸப் பகுதி 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக விவசாயியை எவரும் எழுப்பி அனுப்பவில்லை. இன்றும் அவன் உழுகிறான், மீன் பிடிக்கிறான், மாலையில் குளிக்கிறான். பறவை அவன் பக்கத்தில் மேய்கிறது.

எமது நாட்டுச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது என்பதை எம்மவர் அறிந்திருப்பது நல்லது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேசிய பூங்கா என்பது வேறு, சரணாலயம் என்பது வேறு. தேசிய பூங்காவுக்குள் அனுமதியோடு சென்று பார்க்கலாம். குடியிருக்கவோ பயிர் செய்யவோ முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம். அங்கே மக்கள் தம் வாழ்க்கையை நடத்தலாம். ஆகவே பாதுகாப்பு என்றால் வெளியேற்றம்தான் என்று எவரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. எமது எல்லயிலுள்ள இராவணன் நீர்வீழ்ச்சிப் பகுதியும் 1979 முதல் சரணாலயமே.

வீடு வேறு, வாழிடம் வேறு

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். "எங்களுக்கு இன்னும் இடம் பார்க்கிறார்கள்" என்றார். இடம் என்பது என்ன?

அன்று காலை நாம் கண்டதை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரைக்கு ஒரு மரத்தில் கூடு கட்ட இடம் கொடுத்தால் போதுமா? அதற்கு இரை எடுக்க ஆழம் குறைந்த நீர் வேண்டும். கூட்டிலிருந்து பறந்து போய்த் திரும்பும் தூரத்தில் வயல் வேண்டும். தனியே ஒரு சோடி கூடு கட்டாது. தன் இனத்தோடு ஒரே மரக்கூட்டத்தில் பல கூடுகளாகத்தான் கட்டும். இலைக்கோழிக்குத் தாமரை இலை வேண்டும். நத்தைகுத்திக்கு நத்தை வேண்டும். நீர்க்காகத்துக்குச் சிறகு உலர்த்தப் பட்ட மரம் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததற்குப் பெயர்தான் வாழிடம். பறவையை அறிந்தவர்கள் கூட்டைக் காப்பதோடு நிற்பதில்லை, வாழிடத்தைக் காக்கிறார்கள். வாழிடம் போனால் கூடு இருந்தும் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

மனிதர் விடயத்தில் மட்டும் இந்த அறிவு ஏன் மறந்துபோகிறது? தோட்ட மக்களுக்கான வீடமைப்பில் 7 பேர்ச் என்ற அளவு பழகிப்போயிற்று. ஒரு ஏக்கர் 160 பேர்ச். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. லயத்தின் ஒற்றைக் காம்பிராவோடு ஒப்பிட்டால் தனி வீடு பெரிய முன்னேற்றமே. அதற்காகப் பலர் உழைத்தார்கள், நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பயிர் செய்தும் மாடு வளர்த்தும் வாழ்ந்த குடும்பத்துக்கு வீடு என்பது கூடு மட்டுமே. மாட்டுத் தொழுவம் எங்கே? புல் அறுக்கும் ஓடைக்கரை எங்கே? போஞ்சியும் லீக்ஸும் போட்ட பாத்தி எங்கே? விறகு எங்கே? கோடையில் தண்ணீர் எங்கே? அவசரத்துக்கு அரைக் கொத்து அரிசி இரவல் தந்த அடுத்த வீட்டார் எங்கே?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண் புதைத்தவற்றுள் மனித உயிர்களே முதன்மையானவை. அந்த இழப்புக்கு ஈடில்லை. அவர்களோடு தோட்டமும், தொழுவமும், கோவிலும், பிள்ளைகள் விளையாடிய இடமும் புதைந்தன. தப்பியவர்கள் இழந்ததை "வீடு" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டால், திரும்பக் கொடுக்கவேண்டியதும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும். நாம் கேட்கும் சொல்லே சிறியதாக இருந்தால், கிடைப்பது எப்படிப் பெரியதாகும்?

ஆகவே எமது கருத்து இதுதான். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்கு வீடு மட்டும் போதாது. அதற்குரியது வாழிடம். பறவைக்கு இதை ஏற்றுக்கொள்ளும் நாடு, விவசாயிக்கும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கேளாமல் செய்த நன்மை

நல்ல நோக்கத்தோடு செய்ததும் கேளாமல் செய்தால் எப்படி முடியும் என்பதைக் கிரிந்தி ஓயாவின் கடைவாயிலில் பார்க்கலாம். திஸ்ஸ வாவியிலிருந்து நாம் பூந்தலை நோக்கிச் சென்றோம். உப்புநீர்க் களப்புகளும் மணல்மேடுகளும் உள்ள அவ்விடம் 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாகப் பதியப்பட்டது; 1993இல் தேசிய பூங்காவாயிற்று. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் அங்கே கூடின.

1980களில் லுணுகம்வெஹர நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, புதிய வயல்களும் குடியேற்றங்களும் உருவாக்கப்பட்டன. வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கொடுப்பது நல்ல காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆற்றில் வருமென்று போட்ட கணக்கின் அளவுக்குத் தண்ணீர் வரவில்லை. பழைய வயலுக்கும் புதிய வயலுக்கும் இடையே தண்ணீர்ப் பிணக்கு மூண்டது. மறுபுறம், வயலில் வடிந்த நன்னீர் எம்பிலிக்கல, மாலல களப்புகளுக்குள் சென்று அவற்றின் உப்புத்தன்மையைக் குறைத்தது. உப்புநீரில் வளர்ந்த இறால் குறைந்தது. களப்பில் வலை வீசியவர்களின் பிழைப்புக் கெட்டது. பூநாரையின் இரையும் போயிற்று. அதன் வரவும் அருகியது. அப்பறவை எங்கும் முறைப்பாடு செய்யவில்லை, வராமல் விட்டது. நாம் சென்ற அன்று உள்ளான்களையும் நெடுங்கால் பறவைகளையும் கண்டோம். பூநாரை ஒன்றையும் காணவில்லை.

தண்ணீரே இல்லாமல் பறவை போவதுண்டு. தவறான தண்ணீர் வந்தும் பறவை போவதுண்டு. மீள்குடியேற்றமும் அப்படித்தான். ஒன்றும் தராமல் மக்களைச் சிதறடிக்கலாம். பொருந்தாததைத் தந்தும் சிதறடிக்கலாம். பூட்டிக் கிடக்கும் புதிய வீடுகளை எம்மவர் பலர் கண்டிருக்கிறார்கள். கொடுத்த வீட்டில் இருக்கத் தெரியாத மக்கள் என்று அவர்களைப் பழிப்பது எளிது. அந்த வீட்டைச் சுற்றி வாழிடம் இருந்ததா என்று கேட்பதுதான் நியாயம்.

நாம் செய்யக்கூடியவை

கோரிக்கை எழுப்புவதோடு எமது கடமை முடிந்துவிடாது. சில காரியங்களை நாமே செய்ய வேண்டும்.

முதலாவதாக, மாற்றுக் காணியைப் பார்க்க அழைக்கும்போது குடும்பத் தலைவர் மட்டும் போகாமல், பெண்களும் முதியவர்களும் சேர்ந்து போகவேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜனவரியில் ஓடும் ஓடை ஆகஸ்டில் ஓடுமா என்று பக்கத்து ஊரவரிடம் விசாரிக்க வேண்டும். மண்சரிவு அபாயம் உண்டா என்பது பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். அதைக் கேட்பது எமது உரிமை.

இரண்டாவதாக, பழைய ஊரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் புதிய இடத்திலும் சேர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சீட்டுக் குலுக்கிய பின் கேட்டால் பயனில்லை. நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டுவது காரணமின்றியல்ல. பலர் சேர்ந்திருக்கும் இடத்தில் குஞ்சைக் காப்பது இலகு.

மூன்றாவதாக, காணி உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். வீட்டைச் சுற்றிப் பயிர் செய்ய நிலம் இல்லாவிட்டால், ஊருக்குப் பொதுவான பயிர்நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும்.

நான்காவதாக, இது எமக்கே உரிய கடமை. நாம் ஆற்றின் தலைப்பகுதியில் இருப்பவர்கள். சரிவில் நாம் காண் வெட்டாமல், வேலி வைக்காமல் மரக்கறி போட்டால், எமது மண் போய்க் கீழுள்ளவர்களின் குளத்தைத் தூர்க்கிறது. நாம் அளவுக்கு மிஞ்சித் தெளிக்கும் மருந்து அந்தக் குளத்து மீனுக்கும் பறவைக்கும் போகிறது. சமவுயரக் கோட்டில் கிளிரிசீடியா வேலி வைப்பதும், ஊற்றுக்கண்ணைச் சுற்றி மரத்தை விடுவதும், சதுப்பை மண் போட்டு நிரப்பாதிருப்பதும் பெரும் செலவுள்ள காரியங்கள் அல்ல. எமது வாழிடத்தை மதிக்கக் கேட்கும் நாம், கீழே வாழ்பவரின் வாழிடத்தையும் மதிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பறவைகளை அறிந்த எம் இளைஞர் வேண்டும். எல்லக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டும் தொழிலில் தோட்டத்துப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஊர்ப்பறவையின் பெயரும் குரலும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அது சோறு போடும் தொழிலாகலாம். அதைவிட முக்கியம், அடுத்த முறை எவரேனும் எல்லைக் கோடு கீற வரும்போது, நிலத்தை அறிந்தவராக நின்று பேச எம்மவர் இருப்பார்கள்.

திரும்பும் வழியில்

மாலையில் வான் மலையேறத் தொடங்கியதும், பறவைப் பெயர்களை எழுதிய தாளின் பின்புறத்தில் ஒரு வேலை செய்தோம். "இழந்தது என்ன?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினோம். முதலில் எல்லோரும் "வீடு" என்றார்கள். பிறகு ஒருவர் பலாமரம் என்றார். இன்னொருவர் பீலித் தண்ணீர் என்றார். மாட்டுக் கொட்டில், முருங்கை, பிள்ளைமடுவம், காமன் கூத்து நடந்த முற்றம், தாயைப் புதைத்த இடம், பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகள், வெயில் காயும் பாறை என்று தாளின் பக்கம் நிரம்பி, விளிம்பில் சரித்து எழுத வேண்டியதாயிற்று. குளக்கரையில் அந்தக் கேள்வியைக் கேட்ட தாய், தமது வாசலில் தினமும் காலையில் வந்து சோறு பொறுக்கிய இரண்டு மைனாக்களையும் எழுதச் சொன்னார். எழுதினோம்.

அந்தப் பட்டியலில் வீடு என்பது ஒரு வரி மட்டுமே.

அதைச் சுத்தமாகப் பிரதி எடுத்து, பிரதேச செயலாளருக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தோடு இணைப்பதென்று வானிலேயே முடிவாயிற்று. மைனாவை எடுத்துவிடலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இதை வாசிக்கும் குடும்பங்களும் அத்தகைய ஒரு பட்டியலை இன்றே எழுதத் தொடங்கலாம். எழுதும்போது முதியவர்களையும் பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மறந்துவிட்டதைப் பிள்ளைகள் சொல்வார்கள்.